சேர்ச்சில் பிரபுவின் திருநாடி மகாத்மியம்

பாட்டுடைத் தலைவரைப் பாடுமுன் அவர் எழுந்தருளியுள்ள நாட்டைப் பாடுவது புலவர் மரபு. வன்னிப் பெருநிலப்பரப்புக்கு இதுநாள்வரை இருந்தவையெல்லாம் சில்லறைச் சிறப்புகள்: இரணைமடுக் குளத்து நீர், நந்திக்கடல் இறால், பாலைப்பழம், காட்டுத்தேன், எருமைத்தயிர். இவற்றை எந்தப் புலவனும் பாடிவிட்டுப் போகலாம். ஏ-9 வீதியில் கிளிநொச்சியைத் தாண்டியதும், ஆளுயர மதிலும் பொத்தானை அமத்தினால் தானே விலகும் கேற்றும் தாங்கி நிற்கும் மாளிகையொன்றில், குளிரூட்டிய அறைக்குள், வெல்வெட் மெத்தைமேல், ஆங்கிலப் புல்டோக் குலத்தில் உதித்த சேர்ச்சில் பிரபு திருவடி பதித்தாரே, அன்றுதான் இந்த மண் பாடத்தக்க மண்ணாயிற்று. பிரபுவின் மேனி முழுவதையும் பாட அடியேனுக்கு ஆயுள் போதாது. கீழுதட்டுக்கு அடியில், உலகு வியக்கும் அந்தத் திருநாடியில், கறுத்தும் சிவந்தும் பழுத்தும் பொலியும் பருக்களை மட்டுமே பாடத் துணிந்தேன்.

அப்பருக்களுக்கு ஆதாரமாய் விளங்கும் மாளிகைக்காரப் பெருந்தகையை முதற்கண் வணங்குவோம். பல குளிர்காலம் கடல் கடந்து உழைத்து மீண்டவர். ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்ற தவிப்பு நெஞ்சில் நிறைந்தவர். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடலாம், வாசிகசாலைக்குப் புத்தகம் வாங்கலாம், பொதுக்கிணற்றை இறைக்கலாம் என்று அயலில் உள்ளவர்கள் தங்கள் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொன்னார்கள். பெருந்தகையின் பார்வையோ அதற்கு மேலே போயிற்று. இங்கிலாந்தின் இளவேனிலிலேயே மூச்சுவிடத் திணறும் குலக்கொழுந்து ஒன்றை, சித்திரை வெயிலில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும் வன்னிக்கு அழைத்துவந்து, கச்சான் காற்றின் அனலில் குடியேற்றலாம் என்ற ஞானம் ஆயிரத்தில் ஒருவருக்கே வாய்க்கும். நாய் மனிதரைப்போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை. நாக்கை நீட்டி இரைத்துத்தான் குளிரவேண்டும். இரைக்க நீண்ட மூக்கும் அகன்ற மூச்சுக்குழலும் வேண்டும். அவை இரண்டும் இல்லாத குலமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாரே, அந்த நுட்பத்தைப் பாடாமல் வேறெதைப் பாட!

இந்த வருகையின் சரித்திரப் பெருமையும் சிறிதன்று. 1803ஆம் ஆண்டு முல்லைத்தீவில் இருந்த வெள்ளையர் படையை விரட்டியடித்தான் பண்டார வன்னியன். அவ்வாண்டே ஒக்டோபர் 31ஆம் நாள் வொன் டிறிபேர்க் என்ற தளபதி கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். தோற்கடித்த சேதியைக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். அவ்வளவு துவக்கும் பீரங்கியும் கொண்டுவந்தும் வன்னியான் ஒருவனைத் தானாக முன்வந்து விசிறி பிடிக்கச்செய்ய அந்தத் தளபதியால் முடியவில்லை. பிரித்தானியத்தின் அடையாளமென்று உலகம் கொண்டாடும் சேர்ச்சில் பிரபுவோ ஒரு வெடிகூடத் தீர்க்கவில்லை. நாக்கைத் தொங்கவிட்டபடி சோபாவில் சரிந்தார்; விசிறி வந்துவிட்டது.

திருநாமப் பொருத்தத்தையும் சொல்லியாகவேண்டும். வின்ஸ்ரன் சேர்ச்சிலைப் போர்க்காலத்துக் கேலிச்சித்திரங்கள் புல்டோக்காகவே தீட்டின. அந்தப் பிரதமர் வீட்டிலே வளர்த்ததோ ரூஃபஸ் என்ற பூடில். புல்டோக்கின் புகழை மட்டும் தம் முகத்தில் வாங்கிக்கொண்டு, புல்டோக்கின் முகத்தைத் துடைக்கும் வேலையிலிருந்து தப்பிக்கொண்ட அரசியல் சாதுரியம் அது. நம் பெருந்தகையும் அதே சாதுரியத்தில் ஒரு படி மேலே போனவர். புல்டோக்கையும் வளர்க்கிறார், முகத்தையும் துடைப்பதில்லை.

குலச் சிறப்பு கூறுமிடத்து நாக்கு தழுதழுக்கிறது. காளையைக் கட்டிப்போட்டு, அதன் மூக்கைக் கவ்வும்படி நாயை ஏவிக் கைதட்டி மகிழ்வது இங்கிலாந்தின் பழைய பொழுதுபோக்கு. அதற்கென்று உருவானது இக்குலம். 1835இல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் இரக்கப்பட்டு, அந்த விளையாட்டைச் சட்டம்போட்டு நிறுத்தியது. தொழில் போன நாயைச் சும்மா விட இரசிகர்களுக்கு மனம் வரவில்லை. கண்காட்சி மேடையில் ஏற்றினார்கள். 1873இல் லண்டனில் கெனல் கிளப் என்னும் திருச்சபை தோன்றியது. எந்த நாய்க்கு எந்த அங்கம் எப்படி இருந்தால் அழகு என்று சாத்திரம் வகுக்கும் பணி செழித்தது. மூக்கு உள்ளே போகப் போகப் பரிசு. கீழ்த்தாடை முன்னே வர வரப் பரிசு. முகத்தில் மடிப்பு விழ விழப் பரிசு. தலைமுறை தலைமுறையாக எலும்பு பணிவோடு சுருங்கிக்கொண்டு வந்தது. தோலுக்கு அந்தப் பணிவு வரவில்லை. மிஞ்சிய தோல் மடிந்து, அந்த மடிப்புக்குள் காற்றும் வெளிச்சமும் புகாத இரகசிய அறைகள் அமைந்தன. காளைக்குச் செய்த கொடுமையைத் தடுத்த கையோடு, அந்தக் கொடுமையை நாயின் முகத்துக்குள்ளேயே அழகாகத் தைத்து வைத்த கைத்திறன் வேறெந்தத் தேசத்துக்கு வரும்? 2009இல் அந்தத் திருச்சபையே மனம் தளர்ந்து, மடிப்பும் மூக்கும் இவ்வளவு வேண்டாம் என்று சாத்திரத்தைத் திருத்தியது. சாத்திரத்தில் பிடிப்புள்ளவர்கள் அதனால் கலங்கவில்லை. பெருந்தகையும் குட்டி வாங்கும்போது, "மடிப்புக் கூடினதாப் பாத்து அனுப்புங்கோ, அதுதான் வடிவு" என்று தொலைபேசியில் ஒருமுறைக்கு இருமுறை வற்புறுத்திச் சொன்னவர்தாம்.

இனித் திருநாடி.

பிரபுவுக்குப் பிள்ளைப் பருவம் கழிந்து, ஆறேழு மாதம் ஆகியிருந்த காலம். கீழுதட்டின் ஓரத்தில் மிளகு தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் அரும்பின. அவற்றுள் சில சிவந்து தடித்தன. சிவந்தவற்றுள் சில நுனியில் வெள்ளை முத்தைச் சூடின. முத்து உடைந்தபோது இளஞ்சிவப்பாய்ச் சீழும் இரத்தமும் கலந்து கசிந்தன. அந்தக் கசிவு நாடி மயிரில் உலர்ந்து முட்களாய் நின்றது. கிட்ட முகம் கொண்டுபோகும் பாக்கியம் பெற்றோர், பழைய தேங்காயெண்ணெயும் ஈரச்சாக்கும் கலந்த ஒரு நறுமணத்தை நுகர்ந்தார்கள். பெருந்தகை அதைப் படமெடுத்து, "எங்கட பிரபுவுக்கு வயசு வந்திட்டுது" என்று உறவினர் எல்லோருக்கும் அனுப்பினார். ரொறொன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் இதயக் குறிகள் பறந்துவந்தன.

வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு முகப்பரு வருவதுபோல இதுவும் சுரப்பிகளின் திருவிளையாடல் என்றுதான் மருத்துவ நூல்களும் ஒருகாலத்தில் கருதின. பின்னர் வந்த தோல்நோய் அறிஞர்கள் அதைவிட உயர்ந்த ஒரு காட்சியைக் கண்டார்கள். இக்குலத்தின் நாடியில் முளைக்கும் மயிர் குட்டையானது, விறைப்பானது. சீமெந்துத் தரையில் நாடியைத் தேய்க்கும்போதும், கடினமான பொருளைக் கடிக்கும்போதும், அந்த மயிர் தோலுக்குக் கீழேயே முறிகிறது. முறிந்த துண்டு மேலே வர வழியின்றி, மயிர்க்குழியின் சுவரைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. உடம்பு தன் மயிரைத் தானே அடையாளம் காணாமல், அந்நியப் படையென்று எண்ணிப் போர் தொடுக்கிறது. போர் நடக்கும் இடம் வீங்குகிறது. எப்போதும் தோலில் அமைதியாகக் குடியிருக்கும் ஸ்டபிலோகொக்கஸ் என்னும் பற்றீரியாக் குடிமக்கள் அந்தக் குழப்பத்தில் கொள்ளையடிக்கக் கிளம்புகிறார்கள். தன்னுடம்பு தன்னோடு போரிடும் இத்தகைய உள்நாட்டு யுத்தத்தை வீட்டு வரவேற்பறையில் வைத்துப் பார்க்கும் பாக்கியம், யுத்தத்தை அவ்வளவாகக் கண்டிராத வன்னி மக்களுக்கு இப்போதுதான் கிட்டியிருக்கிறது.

பொக்ஸர், டோபர்மான், கிரேட் டேன், றொட்வைலர் ஆகிய குறுமயிர்க் குலத்தாருக்கும் இந்தப் பேறு உண்டு. எனினும் மடிப்பும் எச்சிலும் ஒருங்கே அமைந்த பிரபுவின் நாடிக்கு அவர்களுடைய நாடிகள் ஈடாகா. இலேசான பருவாக இருந்தால் தொல்லைப்படுத்தாமல் விட்டாலே பெரும்பாலும் வளர வளரத் தணிந்துபோகும் என்பார்கள். அப்படி அற்பமாகத் தணிந்து போவதற்குப் பெருந்தகை இடம் வைக்கவில்லை. ஓர் அரும்பை ஆலமரமாக்கிய அவருடைய முயற்சிகளை ஒவ்வொன்றாய் எண்ணி வியப்போம்.

முதலாவது, அமுதசுரபி. மாளிகையின் தரைக்கு இத்தாலியக் கல். குளியலறைக் குழாய்க்குப் பொன்முலாம். பிரபு உணவருந்துவதற்கோ சந்தையில் வாங்கிய சிவப்புப் பிளாஸ்டிக் பேசின். பல்லும் நகமும் பட்டு அதன் உட்புறமெங்கும் கீறல்கள். ஒவ்வொரு கீறலுக்குள்ளும் நேற்றைய சோறு, முந்தாநாளைய கோழிச்சாறு, அதற்கு முந்திய நாளின் சீழ். விளிம்பில் நாடி தேயும் இடம் மட்டும் வழுவழுவென்று மெருகேறிப் பழுப்புநிறம் பூத்திருக்கிறது. வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒருநாள் துணிந்து, "தம்பி, குசினிக்குள்ள சும்மா கிடக்கிற சில்வர் கோப்பையில வைச்சால் கழுவ லேசுதானே" என்று கேட்டுவிட்டார். "அது சத்தம் போடும் அக்கா, சேர்ச்சில் பயப்பிடும்" என்று பெருந்தகை விளக்கினார். காளையின் மூக்கைக் கவ்விய வம்சத்தில் வந்தவரைக் கோப்பையின் சத்தத்திலிருந்து காக்கும் பேரருளை என்னென்று சொல்ல!

இரண்டாவது, நகக்கலை. பெருந்தகையின் மைத்துனர் பரு பிதுக்குவதில் வித்தகர். பிரபுவைத் தொடையிடையே இடுக்கி, இரு கட்டைவிரல் நகங்களையும் எதிரெதிரே வைத்து, மூச்சைப் பிடித்து அமத்துவார். "வருது மச்சான், வருது!" என்பார். வெளியே வருவது கடுகளவு. உள்ளே உடைவது அதைப்போல் பன்மடங்கு. குழியின் சுவர் கிழிந்து, மயிர்த்துண்டும் சீழும் தோலின் ஆழத்துக்கு இறங்கி, அடுத்த கிழமை ஒரு பருவின் இடத்தில் மூன்றாய்ப் பொலியும். ஒன்றை மூன்றாகப் பெருக்கும் முதலீட்டு வித்தை தெரிந்த அந்தக் கைகளுக்குப் பிரபு ஒருமுறை பல்லால் முத்தமிட்டார். அதன்பிறகு நகக்கலை, வாய்க்குத் துணி கட்டிய நிலையில் தொடர்கிறது.

மூன்றாவது, அகில உலக மருத்துவ மகாநாடு. சூரிச் அத்தை தேசிக்காய்ப்புளி பூசச் சொன்னார். புண்ணில் புளி பட்டதும் பிரபு வளவைச் சுற்றி ஓடியதை உற்சாகமென்று எல்லோரும் கொண்டாடினார்கள். ரொறொன்ரோச் சித்தப்பா ரீ ட்ரீ ஒயில் அனுப்பிவைத்தார். அந்த எண்ணெய் செறிவாகப் பட்டால் நாய்க்கு நடை தள்ளாடும், உடல் நடுங்கும், நஞ்சாகும் என்பதைச் சொல்ல அத்தனை பெரிய குடும்பத்தில் ஒருவரும் குறுக்கே வராத ஒற்றுமை கண்ணீரை வரவழைக்கிறது. பேத்தி தன் முகப்பருவுக்குப் பூசும் பென்சோயில் பெரொக்சைட்டைத் தியாகம் செய்தாள். நாய்க்கு இரண்டரை வீதம் போதும். பேத்தியுடையது பத்து வீதம். கூடியதுதானே குணம் தரும்! நாடி வெந்து சிவந்தது. வெல்வெட் மெத்தையின் நீலநிறம் அந்த மருந்துபட்ட இடமெல்லாம் வெளுத்து, நிலவு வட்டங்கள் பூத்தன. மெத்தைக்கு நேர்ந்ததைக் கண்டதும்தான் மருந்தில் ஏதோ பிழை என்று பெருந்தகை உணர்ந்தார். புதிய மெத்தை வந்தது.

நான்காவது, சர்வரோக நிவாரணக் குழாய். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் அந்தச் சிறு குழாய்க்குள் பற்றீரியாவுக்கும் பூஞ்சணத்துக்கும் மருந்து உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டீரொயிட் உண்டு. பூசிய இரண்டாம் நாள் சிவப்பு மாயமாய் மறைந்தது. "பாத்தியளே, டொக்டர் என்னத்துக்கு!" என்று பெருந்தகை மார்தட்டியதில் நியாயம் இருந்தது. சிவப்பு மறைந்ததே தவிர, கீழே இருந்தது மறையவில்லை என்பதெல்லாம் குறைகாண்போர் பேச்சு. நாய்களின் மயிர்க்குழிக்குள் டெமொடெக்ஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி வாழ்கிறது. பிறந்த சில நாட்களில் தாயின் மேனியிலிருந்து குட்டிக்கு வரும் சீதனம் அது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அடக்கி வைத்திருக்கும். அந்தக் காவலைத் தூங்கவைப்பதில் ஸ்டீரொயிட்டுக்கு நிகரில்லை. நாடியில் முடி உதிர்ந்து பருவாய்த் தெரிவது வெறும் பருவா, இந்த உண்ணியா, படர்தாமரையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கவேண்டும், வேண்டுமானால் மயிரைப் பூஞ்சண வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்கவேண்டும். நம் பெருந்தகைக்கு அத்தகைய கருவிகளின் துணை தேவைப்படவில்லை. தொலைபேசியின் கமராவிலேயே அவர் முற்றுணர்ந்தார். பின்பு பேத்தியின் முழங்கையில் வட்டமாய் ஒரு படை வந்து அரித்தபோதும், "வெக்கைக்கு வந்தது" என்று முற்றுணர்ந்தே சொன்னார்.

ஐந்தாவது, அரைப்பங்கு வள்ளன்மை. சீழ் ஆழமாய் இறங்கிவிட்டால் செபலெக்சின் போன்ற மருந்தை, எடையைக் கணக்கிட்டு, கிழமைக் கணக்கில், தோல் மேலே ஆறிய பின்னும் மருத்துவர் சொல்லும்வரை கொடுக்கவேண்டும். பெருந்தகை மூன்றாம் நாளே நிறுத்தினார். மிச்சக் குளிசைகளை மைத்துனரின் பல்வலிக்கு ஈந்தார். இவ்வாறு ஒரே அட்டையால் பிரபுவின் கிருமிக்கும் மைத்துனரின் கிருமிக்கும் அந்த மருந்தோடு பழகிக்கொள்ளும் வாய்ப்பை அளித்த சமத்துவம் போற்றத்தக்கது.

இத்தனை மகத்துவங்களுக்கும் நடுவில் அரச மிருக வைத்தியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய குறுகிய மனத்தை நினைத்து நாம் பொறுமை காக்கவேண்டும். பிரதேசம் முழுவதற்கும் மாடும் எருமையும் ஆடும் கோழியும் அவர் பொறுப்பு. 2020இல் தோல் கழலை நோய் வடக்கு மாடுகளின் உடலெங்கும் கட்டிகளாய் எழும்பியபோது பட்டி பட்டியாக ஓடினார். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் கால்நடைகள் விறைத்து மாண்டபோது, சேற்றில் கிடந்த உடல்களை எண்ணிக்கொண்டு திரிந்தார். அந்த இரவுகளில் நம் பிரபுவின் அறையில் குளிரூட்டி பதினெட்டுப் பாகையில் இருந்தது என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும். அப்படிப்பட்டவரிடம் கடைசியில் ஒருநாள் பிரபுவைக் கொண்டுபோனார்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டை எங்கே என்று மருத்துவர் முதலில் கேட்டது பெரும் அவமரியாதை. பின்பு அவர் சொன்னவை எல்லாம் ஏழைத்தனமான யோசனைகள்: பேசினை எறிந்துவிட்டு உருக்குக் கோப்பை வையுங்கள், நாளும் கழுவுங்கள், சாப்பிட்டபின் நாடியைச் சுத்தமான ஈரத்துணியால் மயிர் படியும் பக்கமாக ஒற்றுங்கள், உரசவேண்டாம், மடிப்புகளை விரித்துத் துடைத்து ஈரமில்லாமல் வையுங்கள், மாரியில் இன்னும் கவனம், குளோரெக்சிடின் கலந்த துடைப்பான் போதும், நகத்தை அண்டவிடாதீர்கள், எடையைக் குறையுங்கள், கிடக்க மெல்லிய துணி விரியுங்கள். பெருந்தகை காரில் ஏறியதும், "ஒரு கோப்பையும் துணியுமாம். இதுக்கா இவர் பேராதனையில படிச்சவர்?" என்று கேட்டார். நாடே மிருக வைத்தியம் படிக்கப் போகும் ஒரேயொரு பீடத்துக்கு அந்தக் கேள்வி இன்னும் போய்ச் சேரவில்லை.

பிரபுவின் பொருட்டு நடந்த தியாகங்களில் தலையாயது 2022இன் வேள்வி. அந்தப் பங்குனியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லை. டீசலுக்கு இரவுபகலாய் வரிசை. சிறுபோகத்துக்கு உழவு இயந்திரம் ஓட எண்ணெயில்லாமல் கமக்காரர் வெறும் கலனோடு நிரையில் படுத்துறங்கினார்கள். அந்த நிரையில் பெருந்தகையின் ஆளும் நான்கு கலன்களோடு நின்றார். வயலுக்கு என்று எண்ணி யாரோ இடமும் விட்டார்கள். டீசல் வந்தது, மாளிகையின் ஜெனரேற்றர் உறுமியது, குளிரூட்டி இயங்கியது. வன்னியில் அன்று வியர்க்காத நாடி பிரபுவுடையது ஒன்றே. குளிரூட்டிக்குள் கிடந்தும் பரு குறையவில்லையே என்று கேட்போர், தவத்தின் பயனை உடனே எதிர்பார்க்கும் உலகியலாளர்.

கேற்றுக்கு வெளியே வீமன் என்றொரு ஊர்நாய் உண்டு. அதற்குப் புகழ் எதுவும் இல்லை. மூக்கு நீளம், கால் நீளம், முகத்தில் ஒரு மடிப்பும் கிடையாது. கொதிக்கும் மதியத்தில் பாலைமர நிழலில் மண்ணைக் கிளறிக் குழியில் படுத்துக்கொள்ளும் அநாகரிகம். அதன் தாய்க்குக் குட்டி போடக் கத்தியோ தாதியோ தேவைப்படாமல் வைக்கோற்போரின் அடியிலேயே காரியம் முடிந்தது. எத்தனை தலைமுறை வெக்கையும் மாரியும் இடப்பெயர்வும் சலித்துச் சலித்து எடுத்த உடம்பு அது. ஒருமுறை அதன் காதோரத்தில் சொறி கண்டபோது பெருந்தகையே தம் கையால் கல்லெடுத்து அருள்பாலித்தார்; மைத்துனர் கழிவு ஒயில் ஊற்றினார். அன்றிரவு மதிலுக்குள் பாம்பு வந்ததை வெளியே நின்று குரைத்து அறிவித்ததும் அதே வீமன்தான். பிரபு அப்போது குறட்டையில் இருந்தார். அந்தக் குறட்டையின் இடையிடையே மூச்சு நின்று நின்று வருவதை, ஆழ்ந்த யோகநித்திரை என்று வீட்டார் பெருமையோடு விருந்தினருக்குக் காட்டுவது வழக்கம்.

பிரபுவின் குலத்தின்மேல் அறிவுலகுக்கு உள்ள பொறாமையையும் ஒருவாறு சொல்லிவிடுகிறேன். லண்டன் அரச மிருக வைத்தியக் கல்லூரி ஆய்வாளர் 2022இல் ஆயிரக்கணக்கான நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தோல்மடிப்பு அழற்சி வரும் வாய்ப்பு ஆங்கிலப் புல்டோக்குக்கு ஏனைய நாய்களைவிட 38 மடங்கு என்றார்கள். முப்பத்தெட்டு மடங்கு! வேறெந்தத் துறையில் எந்தக் குலம் இப்படி முந்தியிருக்கிறது? அவர்கள் பார்த்த புல்டோக்குகளில் எட்டு வயதைத் தாண்டியவை பத்தில் ஒன்றுகூட இல்லை. மற்ற நாய்களில் நாலில் ஒன்று தாண்டியிருந்தது. நரை திரை மூப்பு என்னும் துன்பங்களைக் காணாமலே போய்ச் சேரும் கொடுப்பினையாக இதைக் கொள்வதே முறை. நோர்வேயின் செயல்தான் நெஞ்சைச் சுடுகிறது. நமக்குச் சமாதானம் பேசவந்து, 2002இல் இதே ஏ-9 வீதி திறக்கக் காரணமாயிருந்த நோர்வே! அதன் ஒஸ்லோ நீதிமன்றம் 2022 ஜனவரியில், ஆங்கிலப் புல்டோக்கை இனப்பெருக்கம் செய்வது விலங்குநலச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. நல்லவேளையாக அவ்வாண்டு நவம்பரிலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் புல்டோக்கின் மீதிருந்த தடையை நீக்கிற்று. முதல் தீர்ப்பு பெருந்தகையின் காதில் விழவில்லை. இரண்டாவதைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டுவதற்கு அளவெடுத்திருக்கிறார்.

அளவெடுத்ததற்குக் காரணமும் உண்டு. கொழும்பிலிருந்து பிரபுவுக்குப் பெண் பார்த்தாயிற்று. மணமகளின் நாடியும் அதே இலட்சணம் என்று படம் பார்த்து உறுதிசெய்தார்கள். மடிப்பு ஒன்று கூடுதல் என்பதால் விலையும் கூடுதல். நாடிக்குப் பரு வரும் தன்மை குலவழியே இறங்குவது என்று நூல்கள் சொல்வதைப் பெருந்தகை பரம்பரைச் சொத்து என்றே பொருள்கொள்கிறார். பிறக்கப்போகும் குட்டிகள் விற்பனைக்கல்ல, அத்தனையும் தானம். வவுனியாவில் ஒரு சம்பந்திக்கு, முல்லைத்தீவில் ஒரு நண்பருக்கு, ஒட்டுசுட்டானில் தகரக் கொட்டிலுக்குள் புதிதாய்க் குடிபுகுந்த ஒன்றுவிட்ட தம்பிக்கு என்று பெயர்ப்பட்டியல் தயாராகிவிட்டது. தம்பியாருக்குக் குளிரூட்டி இல்லை. ஆனாலும் சிவப்புப் பேசின் இருக்கிறது. இவ்வாறு ஒரு மாளிகைக்குள் அடங்கிக் கிடந்த புகழை வன்னிக் கொட்டில்தோறும் குடியேற்றும் இந்த ஈகையின் முன்னே, முல்லைக்குத் தேர் ஈந்த பாரி வெட்கித் தலைகுனிய வேண்டியவன். அவன் கொடுத்தது ஏறிப் படர உதவியது மட்டும்தானே.

வாழி சேர்ச்சில் பிரபு! வாழி அவர் திருநாடி! வாழி நாடிதோறும் பருவும், பருதோறும் சீழும், சீழ்தோறும் ஒரு சித்தப்பாவின் வைத்தியமும்! பிரசவத்துக்கு மட்டும் ஒரு சிறு விசயம். பிரித்தானியாவில் பார்த்த கணக்கில் புல்டோக் ஈற்றுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வயிற்றைக் கீறித்தான் எடுத்தவை. குட்டியின் தலை அவ்வளவு பெரிது, தாயின் இடுப்பு அவ்வளவு ஒடுக்கம். வன்னியில் அந்தச் சத்திரசிகிச்சைக்கு எந்த ஊருக்குப் போவது, எத்தனை மணிநேரம் ஓடுவது, அந்த இரவில் அங்கே மருத்துவர் இருப்பாரா என்று பெருந்தகை இன்னும் விசாரிக்கவில்லை. மங்கல காரியம் நடக்கும் வீட்டில் அபசகுனமாக இதை எவரும் வாய்திறந்து கேட்டுவிடாதிருக்க எல்லாம்வல்ல இறைவன் அருள்புரிவானாக.